உரத்தில் கலந்த தூள்

கடத்தூர்,
புதன் மாலை

அன்புள்ள மாமாவுக்கு,

நிர்மலா எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? கேஸுக்காகச் சென்னையில் ரூம் எடுத்துத் தங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் பார்சலுக்குள் இந்தக் கடிதம். கூட இருக்கும் தூள் பாட்டிலைத் திறப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

வக்கீல் கேட்ட சோதனையைச் செய்துவிட்டேன். நம் பேட்டன்டை ரத்து செய்யச் சொல்லி எதிர்த்தரப்புக் கம்பெனி கோர்ட்டில் காட்டிய அந்தப் பழைய கட்டுரையில் உள்ளபடியேதான் செய்தேன். பட்டுக்கூடு வேகவைத்த தண்ணீரில் எலுமிச்சை உப்புப் போட்டு, மூடி ஆறவிட்டு, அடியில் படிந்ததை நிழலில் உலர்த்தினேன். எழுதிய புண்ணியவான் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யத்தான் வழி சொல்லியிருக்கிறார். படிந்ததை உரத்தில் கலந்துவிடச் சொல்கிறார். அது என்னவென்று அவர் பார்க்கவே இல்லை.

நம் தூள்தான், மாமா. ஃபேஸ் கிரீம் கம்பெனிக்காரர்கள் தேடி வந்து வாங்கும், நீங்கள் பேட்டன்ட் வாங்கிய அதே தூள். பச்சைத் தண்ணீரில் போட்டதும் கரைந்துவிட்டது. வேலைக்கு வரும் செல்லி எட்டிப் பார்த்து, "அய்யாவோட தூளேதாங்க்கா, இதுல என்னாத்த சோதிக்கிறீங்க" என்றாள். நமக்கு முன்னால் எழுதிய கட்டுரையின்படி செய்து இதே தூள் வந்தால் பேட்டன்ட் நிற்காது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சூட்டை ஏற்றி இன்னொரு தடவை செய், அப்போது வராது என்று நேற்றுப் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். வராதுதான். ஆனால் அது கட்டுரையில் இருக்கும் முறை இல்லையே. அப்படிச் செய்து எழுதும் அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள். நீங்கள் யாரிடமும் திருடவில்லை. சொந்தப் புத்தியில் கண்டுபிடித்தீர்கள், கல்யாணமான நாளிலிருந்து பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பேட்டன்ட் போனால் எல்லாரும் செய்வார்கள், நாமும் செய்வோம்.

இங்கே கூடு விலை ஏறிவிட்டது. மழை இல்லை. ஒருத்திக்காக உலை வைக்கப் பிடிக்காமல் காலையில் வடித்த சோற்றையே ராத்திரியும் சாப்பிடுகிறேன். தண்ணீர் ஆறும்வரை நாம் பேசிக்கொண்டிருப்போமே, அந்த இடத்தில் இப்போது நான் மட்டும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செல்லி போய்விட்டால் பேச ஆளில்லை.

கட்டுரையில் வாய்விட்டு எழுதியிருக்காவிட்டாலும் அதற்குள்ளே இருந்தால் இருந்ததுதான் என்று வக்கீல் சட்டம் சொன்னாராமே. ஒரு வருஷமாகக் கூடு விலையும் கரண்ட் பில்லும்தான் உங்களுக்கு எழுதி அனுப்பினேன். வந்துவிடுங்கள் என்று எதிலும் எழுதவில்லை. எல்லாவற்றையும் எடுத்து இன்னொரு தடவை படித்துப் பாருங்கள், மாமா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
நிர்மலா