இறங்க மறுத்த பெட்டி

அக்டோபர் 19, திங்கள்

விடியும்போதே மழை. ஃபெரியில் குடையை மறந்துவிட்டு இறங்கினேன். பட்டர்வொர்த்திலிருந்து மாக் மண்டினில் இருக்கும் பட்டறைக்குப் போவதற்குள் தொப்பலாக நனைந்தாயிற்று.

பட்டறையில் ஆயுத பூசை. எல்லா மெஷினுக்கும் ஓய்வு, என் உறைபெட்டிக்கு மட்டும் இல்லை. புதனன்று ரத்தப் பரிசோதனைக்கூடத்து அம்மா பார்க்க வருகிறார். அதற்குள் குளிர் மைனஸ் எண்பது டிகிரிக்கு இறங்கி நிற்க வேண்டும். நாலு வாயு கலந்த குளிரூட்டி. கலவை அளவு என் சொந்தக் கணக்கு. ஒரு வாயு திரவமாகி அடுத்ததைக் குளிர வைக்கும், அது அதற்கடுத்ததை. ஒரே கம்ப்ரசர் போதும்.

மனைவி கோமதியிடம் நேற்று விளக்கினேன். "நாசி கண்டார் சோத்துல நாலு குழம்பு கலந்து ஊத்துற மாதிரியா?" கோபம் வந்தது. ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

முதலாளி சொல்லிவிட்டார்: "இறங்கலன்னா பழைய கலவைக்கே போயிருவோம் தம்பி." மூன்று மாத உழைப்பு!

மற்ற மெஷினுக்கெல்லாம் ஒரு முழம் பூ. என் பெட்டிக்கு மட்டும் தலையிலிருந்து தரை வரை செவ்வந்தி மாலை, என் செலவு. மாப்பிள்ளைக் களை.

20, செவ்வாய்

வெயில். மைனஸ் அறுபத்திரண்டு. அதற்குக் கீழே நகர மாட்டேன் என்கிறது.

கம்ப்ரசரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அழுத்தமும் ஏறிக் கிடக்கிறது. கனமான வாயுவை அதிகம் போட்டுவிட்டேனா? திரும்பத் திரும்பக் கணக்குப் பார்த்தேன். சரியாகவே வருகிறது. அப்புறம் எங்கே தப்பு?

வெல்டர் மணியம் அண்ணன்: "கொஞ்சம் கேஸ வெளிய விட்டுப் பாரேன்லா."

விட முடியாதே. லேசான வாயுதான் முந்திக்கொண்டு ஓடும். மிச்சம் வேறு கலவை ஆகிவிடும். முழுவதும் இறக்கி, எடை போட்டு, புதிதாக ஏற்றவேண்டும். அதற்கு நேரம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. அழுகை வராத குறை.

வேறு வழியில்லை, வாயுவை இறக்கிவிடலாம் என்று ஸ்பேனரோடு பெட்டி முன்னால் குந்தினேன். கீழே காற்று இழுக்கும் கம்பித் தட்டி. அதில் மாலையின் வால் அப்பளம் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே பார்த்தால் இதழ் இதழாக அடைப்பு. பெட்டி மூச்சுவிட வழியில்லாமல் சூட்டைக் கக்க முடியாமல் தவித்திருக்கிறது. நானோ என் கலவையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு.

யாரும் பார்க்கவில்லை. மாலையைக் கழற்றிக் குப்பைத்தொட்டி அடியில் அமுக்கினேன். பிரஷ்ஷால் சுரண்டச் சுரண்டச் செவ்வந்தி வந்துகொண்டே இருந்தது. கிளம்பும்போது மைனஸ் எழுபது. கோமதியிடம்கூடச் சொல்லப் போவதில்லை.

21, புதன்

மைனஸ் எண்பத்தொன்று. அந்த அம்மா பார்த்தார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

பெட்டியை லாரியில் ஏற்றியதும் முதலாளி தோளில் கை போட்டார். "அடுத்த பெட்டிக்கும் உன் கலவதான் தம்பி."

வாயெல்லாம் பல் எனக்கு.

அவர் பார்வை குப்பைத்தொட்டிப் பக்கம் போனது. "மால மட்டும் நான் போடுறேன்லா."