அக்காவின் பள்ளிக்கு மட்டும்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

ஜனாதிபதி அலுவலகத்தில் சாப்பிடவாவது நேரம் விடுகிறார்களா? நேற்று டிவியில் அவர் கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பேசியபோது, எழுதிக்கொடுத்தது நீதான் என்று நடையிலேயே தெரிந்தது. பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் அறிக்கையைப் படித்தேன்.

முன்பிருந்தவர் தேசியத் தேர்வை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் கொடுத்தார். இவர் கம்ப்யூட்டரை மறந்துவிட்டுத் தேர்வை வைத்தார். அதில் கடைசியில் நிற்கும் பள்ளிகளை இப்போது மூடுவாராம். என் பள்ளியில் பாதிப் பேர் மில் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். நம் மொழியே தெரியாமல் வந்து, வருடக் கடைசியில் வாய்விட்டுப் படிக்கிறார்கள். தேர்வில் அது எங்கே தெரிகிறது? அவர் காதில் போட்டு வை.

உன் அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

காரில் போகும்போது சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவர் படித்த பள்ளிக்கு வாத்தியாரே வரமாட்டாராம். "பாவம் பாவம்னு சொல்லியே எங்களை அப்படியே விட்டுட்டாங்க" என்றார். அவரை மோசமானவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறங்கும்போது, "உங்க அக்கா ஸ்கூலை மட்டும் விட்டுடச் சொல்றேன்" என்றார். நான் மறுக்கவில்லை. நீ நிம்மதியாக இரு.

தம்பி

ஜூலை 2

தம்பிக்கு,

விதிவிலக்கு வந்தது. ஆசிரியர் அறையில் கைதட்டினார்கள். மாலையில் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர் வந்தார். எங்களுக்குப் பதிலாக அவர் பள்ளியை மூடுகிறார்களாம். "உங்களுக்குத் தம்பி இருக்கார், டீச்சர்" என்றார். குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

சலுகை வேண்டாமென்று, தலைமையாசிரியராக நானே கையெழுத்துப் போட்டு அமைச்சகத்துக்கு எழுதிவிட்டேன். இங்கே சிலர் என்னோடு பேசுவதில்லை. நீயும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. முடிந்தால் எல்லாருக்குமான விதியை மாற்றச் சொல்.

அக்கா

ஆகஸ்ட் 28

அக்கா,

நீ எழுதியதை அவர் மேஜையில் வைத்தேன். முதலில் கோபப்பட்டார். மறுநாள் கூப்பிட்டு, "சேரும்போது பிள்ளை படிப்புல எங்கே இருந்தது, இப்போ எங்கே இருக்குன்னு பார்க்கணும், அதானே?" என்றார். இனி அதுதான் விதி. நிறையப் பள்ளிகள் பிழைத்தன.

ஆனால் நீ சலுகையை மறுத்ததால், அதற்கு முன்பே கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பள்ளியை விட்டுவிட்டு உன் பள்ளியை மூடும் உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "இப்போ நிறுத்தினா, அக்காவுக்காகத்தான் விதியையே மாத்தினேன்னு ஆயிடும். எல்லாமே கெட்டுப்போகும்" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. கோபமா?

தம்பி

செப்டம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

கோபம்தான். பெயர்ப்பலகையைக் கழற்றியபோது உன்னைத்தான் திட்டினேன். பிறகு பிள்ளைகளைப் பாலம் தாண்டி, கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு நானே கூட்டிப் போனேன். அங்கே இடமில்லாமல், தலைமையாசிரியர் தன் அறையை வகுப்புக்கு விட்டுவிட்டு வராந்தாவில் மேஜை போட்டுக்கொண்டார். எனக்கு ஒன்றாம் வகுப்பைக் கொடுத்தார். இத்தனை காலம் கழித்துச் சாக்பீஸ் பிடித்ததில் தோள் விண்விண்ணென்று வலிக்கிறது.

மில் பிள்ளைகளில் ஒரு சிறுமி, வந்த நாளிலிருந்து வாயே திறக்காதவள், நேற்று எழுந்து நின்று, "டீச்சர், தள்ளி நில்லுங்க, போர்டு மறைக்குது" என்றாள்.

தள்ளி நின்றேன்.

இதை ஜனாதிபதியிடம் சொல்ல வேண்டாம். உன்னிடம் சொல்லத்தான் தோன்றியது.

உன் அக்கா