பலாமரத்தடிக் கனகாம்பரம்

கோயமுத்தூர்
24.10.1996

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலையும் தோட்டத்தையும் தவிர. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வெள்ளிக்கிழமை தவறாமல் மாசாணியம்மனிடம் சொல்லி வருகிறேன். அங்கே ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு படுக்காதே கண்ணு.

நீ வாங்கின இந்தப் புது வீட்டுக்குப் பின்னால் இருபது சென்ட் இடம், பெரிய பலா ஒன்று, புளி இரண்டு, வேம்பு மூன்று, உச்சி வேளையில்கூட வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் தரையில் விழுகிறது. வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டில் வாசலென்று ஒரு முழம் இடம் இல்லாமல் காலம் தள்ளினவளிடம் இவ்வளவையும் கொடுத்து எது வேண்டுமோ வையம்மா என்று எழுதினாய், எனக்கு எதை வைப்பதென்று இன்னும் விளங்கவில்லை. நீ ரோஜா என்றாய், நர்சரி யாகூப் இந்த நிழலில் ரோஜா குச்சியாகத்தான் நிற்கும், கனகாம்பரம் வையுங்கள், அது நிழல் தாங்கிப் பூக்கும் என்றார். பக்கத்து வீட்டு ரம்லா மிளகுக் கொடி என்கிறாள், உன் அண்ணன் கதிர் புல்தரை போடலாம் என்கிறான், மாடா வளர்க்கப் போகிறான். ஆளுக்கு ஒன்று சொல்ல, ராத்திரி ஒன்று நினைத்துக் காலையில் வேறொன்று செய்துகொண்டிருந்தேன். கடைசியில் ஆடியில் பலாவுக்கு அடியில் நாற்பது கனகாம்பரம், வேலியோரம் செம்பருத்தி, சமையல்கட்டுப் பக்கம் கொஞ்சம் வெயில் விழும் இடத்தில் உனக்காக ஒரே ஒரு ரோஜா வைத்தேன்.

பொங்கலுக்கு நீ வரும்போது அது பூத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஏன் இத்தனை வீம்பு என்று உனக்குத் தெரியும். எழுபத்து நாலு புரட்டாசி, செவ்வாய்க்கிழமை, உனக்கு ஆறு வயசு. பால் டின்னில் நீ வைத்த ரோஜாவை மேஸ்திரி கோபாலசாமி வேரோடு பிடுங்கிப் பாதையில் எறிந்துவிட்டு லைன் வாசலில் செடி ஆகாது என்றான். அவன் காக்கிச் சட்டையில் மேல் பொத்தான் இல்லை, அதுகூட எனக்கு மறக்கவில்லை. உனக்கு ஒரு தோட்டமே போட்டுத் தருகிறேன் என்று அன்றைக்குச் சொல்லித்தான் உன்னைச் சாப்பிட வைத்தேன்.

ஆனால் மூன்று மாதமாக ஒரு பூ இல்லை. செடியெல்லாம் புதர் மாதிரி கிளை விட்டுப் பச்சென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை. எருப் போட்டேன், பிண்ணாக்குக் கரைத்து ஊற்றினேன், யாகூப் வந்து பார்த்துவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டு போய்விட்டார். சாபமோ என்றுகூட நினைத்தேன். கதிர் எல்லாம் இந்தப் பலா நிழலால்தான் என்று முடிவு கட்டி, புதன்கிழமை வெட்ட ஆள் சொல்லிவிட்டான். நன்றாகக் காய்க்கும் மரம் அம்மணி, ஆனாலும் உன் பூவா மரமா என்று வந்தபோது நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வழக்கம்போல் செடிகளைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரம்லா, “ஏனுங்கம்மா, பூ மொட்டெல்லாம் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால வீசறீங்களே, அங்க யாருங்க நிக்கறாங்க?” என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நான் நடந்து வந்த தடம் முழுக்கக் கனகாம்பரமும் ரோஜாவுமாக மொட்டும் கொழுந்தும் சிதறிக் கிடந்தன. கையைப் பார்த்தேன், அதிலும் இரண்டு. முப்பத்தோரு வருஷம் தேயிலை கிள்ளி முதுகுக் கூடையில் எறிந்த கை, கூடையை இறக்கி வைத்து ஐந்து வருஷம் ஆனது அதற்குத் தெரியவில்லை. தினமும் மனசு பூ ஏன் பூக்கவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்க, கை பூவைக் கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

சொன்னால் கதிர் சிரிப்பான், சொல்லாவிட்டால் மரம் போகும். அன்றைக்கு முழுதும் வாயைத் திறக்கவில்லை. நேற்று ஆட்கள் கயிறும் ரம்பமும் கொண்டு வந்து, ஒருவன் மரத்தில் காலை வைத்த பிறகுதான், “மரத்து மேல தப்பில்லீங்க, என் கையிலதான்” என்று சொன்னேன். கதிர் சிரிக்கவில்லை. வந்தவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டான்.

கோபாலசாமி ஒரு நாள் பிடுங்கினான், நான் மூன்று மாதம் கிள்ளியிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக அவனைத் திட்டின வாயால் என்னை என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அவன் தெரிந்தே செய்தான்.

இன்று காலை இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டுதான் செடிப்பக்கம் போனேன். மிச்ச இடத்தில் என்ன வைப்பதென்று இப்போதும் குழப்பந்தான், நீயே வந்து சொல். மாரியம்மனும் மாசாணியம்மனும் உங்கள் இருவரையும் நிழலாக நின்று காக்கட்டும். ஒன்றை மறக்காதே, வரும்போது உங்கள் ஆஸ்பத்திரியில் போடும் ரப்பர் கையுறை நாலு ஜோடி கொண்டு வா. ரோஜாவில் ஒரே ஒரு மொட்டு தப்பியிருக்கிறது, அதைத் துணியால் மூடி வைத்திருக்கிறேன், என்னிடமிருந்துதான்.

உன் அம்மா,
சின்னத்தாயி