ரூத் எழுதிய இரண்டாம் பக்கம்

ஜனவரி 4, 1992. சனி

காலை முழுக்கப் பனிமூட்டம். எதிர்வீட்டு வேலிகூடத் தெரியவில்லை. கால் விரல் விறைப்பு.

மிஸிஸ் லெவின் ஒன்பதுக்கு எழும்பிக் கதிரையில். "இந்த அறை நல்லாக் குளிருது" என்றார், என்னிடம் அல்ல, யன்னலிடம். எழும்பிப் போய் ஹீற்றரைப் போட்டேன். சனிக்கிழமை யூத ஆட்கள் நெருப்பு, கரண்ட் எதையும் தொடக் கூடாது. மற்றவரிடம் செய்யச் சொல்லவும் கூடாது. குளிருது என்று பொதுவாகச் சொன்னால் குற்றமில்லையாம். இல்ஃபோர்டில் இந்த வீட்டோடு தங்கி இவரைப் பராமரிக்க வந்து இரண்டு வருடம். அரை வசனம் எனக்குப் போதும். மனுசி பேசுவது இங்கிலீஷ்தான், என் காதில் அது எங்கட தமிழாகவே விழுகிறது.

பின்னேரம் மகள் ரூத்தின் கடிதத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை. கண்ணில் புகை படர்ந்துவிட்டது, ஃபோனில் காது கேட்காது. ஆகவே கடிதம். கடிதத்துக்கு நான். வந்ததும் உறையோடு என் கையில் தருவார். எத்தனை தாள் என்று தடவிப் பார்த்ததே இல்லை.

ரூத் இருப்பது இஸ்ரேலின் தெற்கே, பாலைவனத்தில். முப்பது குடும்பம், எல்லாரும் சமயப்பற்றானவர்கள். வாசித்தது: மழை வெள்ளம் வந்து பாதை அறுந்து பாண் வரவில்லை, பெண்கள் எல்லாரும் சேர்ந்து சுட்டார்கள். காய்ச்சல் பரவி, தொழுகைக்குக் கட்டாயம் வேண்டிய பத்து ஆண்கள் தேறவில்லை, பத்தாவது ஆளைப் போர்வையோடு கூட்டி வந்தார்கள். சின்னவனின் சப்பாத்துக்குள் தேள். மருமகன் யோசெப் வெள்ளிதோறும் ஊரைச் சுற்றிக் கட்டிய கம்பி அறாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார். சனியில் வீட்டுக்கு வெளியே எதையும் தூக்கக் கூடாது; கம்பி முழுதாக இருந்தால் ஊரே ஒரு வீட்டுக் கணக்கு, சனிக்கிழமையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகலாம். இல்ஃபோர்டில் அப்படி ஒரு கம்பி இல்லை. மி.லெ. சனியில் மூக்குத் துடைக்கிற கைலேஞ்சிகூடக் கொண்டு வெளிக்கிட மாட்டார்.

பத்தாவது ஆள் கதைக்கு இன்றும் சிரித்தார். "சின்னக் கடிதம்தான், என்ன" என்றார் முடிவில். ஓம் என்றேன்.

இரண்டாம் பக்கம் என் அலுமாரி லாச்சியில், உள்பாவாடைகளுக்கு அடியில்.

ஜனவரி 6, திங்கள்

தூறல். வாங்க: கரட், வெள்ளை மெழுகுதிரி, காது மெஷினுக்குப் பற்றரி, முத்திரை.

இரண்டாம் பக்கத்தில் இருப்பது இதுதான். வீட்டோடு ஒட்டிய அறை காலியாகிறது. அம்மா, எங்களோடு வந்து இருங்கள். ஊர்க் குழுவுக்குச் சொல்ல வேண்டும், முடிவை எழுதுங்கள். டிசம்பரில் வந்த அன்று கண்ணால் வாசித்தேன், வாய் மட்டும் நேரே "அன்புடன் ரூத்" என்ற இடத்துக்குப் போய்விட்டது. திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் பிறகு தாளை மடித்து ஒளித்தது திட்டம்தானே.

குட்மேய்ஸில் இருந்து சாந்தி அக்கா கோல். பெரியப்பா மகள். லண்டன் வந்த புதிதில் அவ வீட்டு ஹோலில் எட்டு மாதம் படுத்தவள் நான். பொதுவாகக் கேட்பதுபோல், மனுசி மகளிடம் போனால் நான் என்ன செய்வது என்று கேட்டேன். "விசரே உனக்கு? வாயை வச்சுக்கொண்டு சும்மா இரு. திரும்ப எங்கட ஹோலுக்கோ வரப் போறாய்?" என்றா.

ஹோல் மட்டும் இல்லை. எனக்கு இந்த மனுசியை விட மனமில்லை. அதைக் காரணமாக எழுதும்போது இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பாவசங்கீர்த்தனம் செய்யலாம். ஆனால் ஃபாதர் முதலில் தாளைக் கொடுத்தாயா என்றுதான் கேட்பார். போகவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

வெயில், ஆனால் கடும் குளிர். சூப் வைத்தாயிற்று. மேசைவிரிப்பு ஸ்திரி.

பகல் தபாலில் ரூத்தின் கடிதம், ஒரே தாள். அறையைப் பற்றி அம்மா ஒன்றும் எழுதவில்லையே, கோபமா? நாளை சனி முடிந்து ஆறரைக்குக் குழு கூடுகிறது. பதில் இல்லாவிட்டால் ரஷ்யாவில் இருந்து புதிதாக வந்த குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மி.லெ. முன்னால் கதிரையில், காதைத் திருப்பிக்கொண்டு. நான் என்ன வாசித்தேன்? தக்காளிக் கூடாரம் காற்றில் கிழிந்ததை. அன்புடன் ரூத். எனக்கு என்ன பிடித்ததோ.

நாலு மணிக்குச் சற்று முன் மெழுகுதிரி கொளுத்தினார். கையால் முகத்தைப் பொத்தி நெடுநேரம் நின்றார். ரூத் பெயர், பிள்ளைகளின் பெயர், கடைசியில் என் பெயரும் காதில் விழுந்தது. ஸ்ரெல்லா. அதற்குமேல் என்னால் ஏலவில்லை. லாச்சியைத் திறந்து தாளைக் கொண்டு வந்து முழுதும் வாசித்தேன், இன்றைய கடிதத்தையும்.

கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நாளைக்கோ கூட்டம்?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அங்கே இரண்டு மணி நேரம் முந்தி, சனி ஏற்கெனவே தொடங்கிவிட்டது, ஒருவரும் ஃபோன் எடுக்க மாட்டார்கள். இங்கும் தொடங்கிவிட்டது. அரை மணி முந்திச் சொல்லியிருந்தாலும் பயனில்லை, மத்தியானமே சொல்லியிருக்க வேண்டும்.

சூப் குடித்தார். உப்புக் காணாது என்றார்.

ஜனவரி 11, சனி

திரும்பவும் மூட்டம். யன்னல்களில் ஈரம்.

நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சனி முடிவது எங்கட மூன்றரைக்கு. குழு எங்கட நாலரைக்கு. இங்கே சனி முடிய ஐந்தேகால். இடையில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் பேசக்கூடியவள் நான் ஒருத்தி. மி.லெ. கேட்கவும் முடியாது.

மூன்றரைக்கு, யன்னலிடம்: "ரூத்தின்ர ஊரில இப்ப நட்சத்திரம் வந்திருக்கும்."

கோட்டை எடுத்தேன். என்ன சொல்வது? வருகிறாரா இல்லையா? கேட்டால் பதில் சொல்ல வைத்த குற்றமும் என்மேல். ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு நின்றேன். கடைசிப் பொத்தானில் சொன்னார், திரும்பாமல்:

"கட்டிலுக்குக் கீழ பெரிய பெட்டி. சரியான தூசி."

இந்த வீட்டில் இன்னும் சனி, வீட்டு ஃபோனைத் தொட மனமில்லை. சந்தி ஃபோன் பெட்டிக்கு ஓடினேன். கார்டு, நம்பர், இரண்டு தரம் பிழை. ரூத் எடுத்தார். பதறிப்போனார், இங்கே சனி முடியுமுன் கோல் என்றால் சாவு என்று நினைத்திருப்பார். அம்மா சுகம் என்றேன். இரண்டாம் பக்கத்தை ஒளித்தது நான் என்றேன்.  ரூத், அம்மா என்ன சொன்னா என்று கேட்டார்.

"இண்டைக்கு அவவால சொல்ல ஏலாது. கட்டிலுக்குக் கீழ பெட்டி தூசி எண்டு சொன்னவ."

மூக்கை உறிஞ்சும் சத்தம். "அப்ப வாறா" என்றார் ரூத். வைத்துவிட்டார், கூட்டத்துக்கு ஓட வேண்டுமே. எனக்கு ஒரு வார்த்தை இல்லை. ஏன் இருக்க வேண்டும்?

ஜனவரி 12, ஞாயிறு

மழை. பூசைக்குப் போகவில்லை. பெட்டியை இழுத்துத் துடைத்தேன். பூட்டில் துரு, எண்ணெய் விட்டேன்.

காலையில் ரூத் கோல், நானே எடுத்தேன். அறை கிடைத்துவிட்டது. மி.லெ. காதருகே சத்தமாகச் சொன்னேன். தலையசைத்தார். மார்ச்சில் பயணம். சாந்தி அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.

தேநீருக்குப் பிறகு பழைய கடிதத்தை முழுதாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன், அன்புடன் ரூத் வரைக்கும், ஒரு சொல் விடாமல்.

"அவ்வளவுதானோ?"

"ஓம், அவ்வளவுதான்."

கையை நீட்டினார். தாள்களைக் கொடுத்தேன். விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். ஒன்று, இரண்டு. பிறகு உறைக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார்.