ஏழுமலையின் ஆட்டோவுக்குப் புது ஒயரிங்

அன்பு மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

கஸ்தூரியின் அண்ணன் தணிகாசலம் எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன், யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. நீ போன பிறகு மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அறுபத்திரண்டு வயதில் சிலேட்டு பிடித்தேன். இந்தப் பக்கத்தை எழுத இரண்டு நாள் ஆயிற்று. ஆகட்டும், உனக்கு இனி என்ன அவசரம்?

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்டோவுக்கு ஒயரிங் மாற்றியாயிற்று. முன் விளக்கிலிருந்து பின்னால் என்ஜின் வரைக்கும் ஓர் அங்குலம்கூடப் பழசு இல்லை. மாற்றியது யார் தெரியுமா? துரைராஜ். நமக்கு அந்தப் பழைய வண்டியை விற்றானே, அதே துரைராஜ். தன் கடை வாசலில், கொளுத்தும் வெயிலில், முட்டி போட்டு மாற்றினான். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சோடா குடித்துக்கொண்டே பார்த்தேன்.

வண்டி வந்த புதிதில் பட்ட பாடு நினைவிருக்கிறதா? காலையில் நீ, சாயங்காலம் நான் என்று முறை வைத்து ஓட்டினோம். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, குளக்கரை ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தினாய். முதல் சவாரியிலேயே பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. ஹாரனை அமுக்கினால் விளக்கு அணைந்தது. அபிராமபுரத்து மாமி ஒருத்தி இறங்கும்போது கேட்டாளாமே, "ஏம்ப்பா, உன் வண்டி யாரைத் திட்டிண்டே வர்றது?" என்று. நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அடுத்த வாரம் அடையாறு பாலத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தபோது சிரிப்பு நின்றது. கறுப்பு டேப்பைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே ஒயர்கள் கருகி, உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நடுவில் வீட்டுக்குப் போடும் ஒயரைத் துண்டு துண்டாக வெட்டி முறுக்கியிருந்தான். மேலே புது டேப் சுற்றிப் பளபளப்பாக்கி விற்றிருந்தான். தேனாம்பேட்டையில் இருக்கும் துரைராஜ் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம், விற்கும்போது அவன் எழுதி நம்மிடம் கைநாட்டு வாங்கிக் கொடுத்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டு.

அவன் காகிதத்தை வாங்கி, கடை வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கப் படித்தான். "இன்னா எழுதிக்கீது தெர்மா? 'ஒயரிங் பழுதுன்னு தெரிஞ்சேதான் வாங்கிக்கினோம், பின்னாடி வந்து கேக்கமாட்டோம்'. கீழ பாரு, ரெண்டு கட்டைவெரலு! கைநாட்டுங்களுக்கு வாய் மட்டும் நீளம்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். நீ என் பக்கம் திரும்பினாய். "அப்டி இல்ல மச்சான். ஒயரிங் நல்லா கீதுன்னு எழுதச் சொன்னேன். அவனும் சரின்னுதான் எழுதினான்."

நான் என்ன சொன்னேன்? "உன்னை நம்பி வெரலு வெச்சேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றேன். அதுவும் அத்தனை பேர் முன்னால். அவன் சிரித்ததைவிட அதுதானே உனக்குச் சுட்டது?

வேறு யாரிடமாவது அந்தக் காகிதத்தைக் காட்டியிருக்கலாம். ஸ்டாண்டிலேயே படிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். நாம் காட்டவில்லை. இன்னொருவன் படித்து இன்னொரு முறை சிரிப்பானே என்று பயந்தோம். மானம் போன காகிதம் என்று சொல்லி நீ அதைக் கஸ்தூரியின் புடவைப் பெட்டியில் போட்டாய். அதன் பிறகு ஒயரை ஒட்டுவதும் அது அறுவதுமாக ஓட்டினோம். வண்டி வந்த ஏழாம் மாதம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. நான் சொன்ன சொல்லைக் கடைசிவரை திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

போன மாதம் பஸ்ஸின் பலகையை நானாகப் படித்தேன். அன்றைக்கே கஸ்தூரியிடம் போய், "அந்தக் காயிதத்தை எடும்மா" என்றேன். எழுத்து எழுத்தாகப் படிக்க ஒரு மதியம் ஆயிற்று. அதில் இருந்தது இதுதான்: "வண்டியின் ஒயரிங் நல்ல நிலையில் உள்ளது. பழுது இருந்தால் நானே முழுவதும் மாற்றித் தருவேன். இப்படிக்கு, துரைராஜ்."

மூன்று தடவை படித்தேன். நீ கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறான், ஏழுமலை. இவர்களுக்கு எங்கே படிக்கத் தெரியப்போகிறது என்ற தைரியம். எழுதியதை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் படித்திருக்கிறான்.

கஸ்தூரி அழவில்லை. "அப்ப அவரு சொன்னது நெசந்தானேண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் வண்டியோடு அவன் கடை வாசலில் போய் நின்றேன். வண்டி பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகத்தான் எனக்குப் படிக்க வரும். அதுவும் நல்லதாகப் போயிற்று. முடியும் வரை ஒருவரும் நகரவில்லை. பாதியிலேயே, "அப்பால இன்னா நைனா?" என்று கேட்டார்கள். மூன்று நாள் நின்றேன். மூன்று நாளும் அவன் ஒரு வண்டிகூட விற்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் வெளியே வந்தான். "பெருசு, உனுக்கு இன்னாதான் வோணும்?"

"எழுதினதைச் செய்."

"சரி, கருகின எடத்துல ஒரு ஜாயின்ட் போட்டுத் தரேன், எடுத்துக்கினு போ."

"முழுசும்னு எழுதிக்கீது. படிச்சுக் காட்டட்டுமா?"

பேட்டரியைக் கழற்றினான். விளக்கைக் கழற்றினான், சீட்டைத் தூக்கினான். பழைய ஒயர்க் கட்டின் நுனியில் புதுக் கட்டைக் கட்டி, வண்டியின் வயிற்றுக்குள் பின்பக்கமாக இழுத்தான். பாதியில் சிக்கிக்கொண்டது. மறுபடி உருவி, மறுபடி கட்டி இழுத்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. ஸ்டாண்டிலிருந்து நம் ஆட்கள் ஐந்து ஆட்டோவில் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். "இன்னா முதலாளி, தொழிலை மறந்துட்டியா? அந்தப் பச்சை ஒயரு எங்க போவுது?" என்று ஒருவன் கேட்க, அவன் நிமிரவே இல்லை. எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன், இன்னும் சிக்கவேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

சாயங்காலம் சாவியைத் திருப்பினேன். விளக்கு நின்று எரிந்தது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மட்டும் எரிந்தது. ஹாரனை அமுக்கினால் மட்டும்தான் ஹாரன் அடித்தது.

கையைத் துடைக்கப் போனவனை நிறுத்தினேன். பையிலிருந்து நான் எழுதிய காகிதத்தை எடுத்தேன். "நல்ல ஒயரிங் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பொய்யாகப் படித்தேன். ஏழுமலை சொன்னதுதான் உண்மை." நாலு நாள் எழுதிப் பார்த்து எடுத்த நல்ல பிரதி அது.

பேனாவைக் கேட்டான்.

"பேனா எதுக்கு? கையிலதான் கிரீஸ் கீதே. வெரலு வை."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்யா!"

"தெரியும். வெரலு வை. இல்லாட்டி நாளைக்கும் வரேன். இப்ப வண்டி எங்கயும் நிக்காது, டான்னு வந்துருவேன்."

வைத்தான், மாப்பிள்ளை. கட்டைவிரலை வைத்தான். ஐந்து ஆட்டோவும் ஒன்றாக ஹாரன் அடித்தன.

"போதும்ணா, விட்டுரு" என்கிறாள் கஸ்தூரி. அவள் மனசு அப்படி. நான் விடமாட்டேன். அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடி போட்டு, சவாரிகளின் கண்ணில் படும்படி என் சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். நேற்று ஏறிய மாமி படித்துவிட்டு, "யாருப்பா அந்த ஏழுமலை?" என்று கேட்டாள். மயிலாப்பூரிலிருந்து தி. நகர் போகும் வரை உன்னைப் பற்றியே பேசினேன்.

அன்றைக்கு உன்னை நம்பாமல் பேசிய என் வாய்க்கும் ஒரு தண்டனை வேண்டாமா? உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வண்டி ஓடும் வரை, கேட்கிற ஒவ்வொருவருக்கும், மாப்பிள்ளை சொன்னது உண்மை, நம்பாதவன் நான்தான் என்று என் வாயாலேயே சொல்வேன். தேனாம்பேட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் அவன் கடை வாசலில் நிறுத்தி, ஒரே ஒரு தடவை ஹாரன் அடிப்பேன்.

இப்படிக்கு,
இனி உன் சொல்லைத் தட்டாத மச்சான்,
தணிகாசலம் (என் கையெழுத்து)