சென்சார்தான் கெட்டிருந்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

போன வாரம் இங்கே ராசா என்ற ஊரில் தனேஸ்வரி அக்கா வீட்டு ஏர்கோன், நம்மூர் ஏசிதான், குளிரவில்லை. முதலாளி திறந்துகூடப் பார்க்காமல், "கேஸ் தீர்ந்துபோச்சு, அடி" என்றார். நான் வெப்பம் அளக்கும் சென்சாரைக் கழற்றினேன். கையில் பொத்தினாலும் ஐஸ் தண்ணீரில் முக்கினாலும் மீட்டரில் ஒரே எண். "சென்சார்தான் போச்சு, கேஸ் வேணாம்" என்று அக்கா முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"பையன் கெட்டிக்காரன்லா!" என்று அக்கா சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. லோரியில் ஏறியதும், "இனிமே நீ ஏர்கோன் கழுவுனா போதும். மீட்டரைத் தொடாதே" என்றார். என் வேலை பெர்மிட் அவர் பெயரில். வேறு இடம் போக வழியில்லை.

நான் கேட்ட ஐடிஐ சான்றிதழை இனி அனுப்ப வேண்டாம். பழைய கைலி இரண்டு அனுப்புங்கள், நாள் முழுக்க நனைகிறேன். லோரி வந்துவிட்டது.

அம்மாவிடம் மெக்கானிக் என்றே சொல்லிவையுங்கள்.

குகன்