இறுகிய கல்லுக்காகப் பழி சுமந்த காக்காவுக்கு

என் உயிரான, கூடப்பிறந்த காக்கா,

உங்களை அடக்கிய மையவாடிக்குப் பெண்கள் போகும் வழக்கம் நம் குறிஞ்சாக்கேணியில் இல்லை. இருந்திருந்தால் இதை உங்கள் கபுரடியில் வந்தே சொல்லியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். வாசிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

நீங்கள் மௌத்தான பிறகு, நீங்கள் வேலை செய்த அதே சீமெந்து ஆலையின் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நீங்கள் இயக்கிய அரைவை இயந்திரத்தின் இரைச்சல் என் மேசைவரை கேட்கும். கேட்கும்போதெல்லாம் எழுந்து அந்தப் பக்கம் பார்க்கிறேன். பழகிவிடும் என்கிறார்கள். எப்போது பழகும், காக்கா?

போன மாதம் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் கிளிங்கர் வந்தது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் சுட்டெடுத்த அந்தக் கரிய கல்லுருண்டைகளை அரைத்துத்தானே இங்கே சீமெந்தாக்குகிறோம். இந்த முறை இயந்திரம் திணறியது. உங்கள் இடத்தில் இப்போது இருக்கும் ரிஸ்வான், அடைத்துவிடும் என்று பயந்து கல்லைக் குறைத்துப் போட்டார். உற்பத்தி சரிந்தது. மேற்பார்வையாளர் பாய்ந்து வந்தார்.

"இவனும் நித்திரதான் கொள்றான். மூட்ட கட்டுற பக்கம் அனுப்புங்க."

இவனும்! உங்களை அங்கே அனுப்பியதும் இதையே சொல்லித்தானே? பெருநாள் காலையிலும் உலுப்பி எழுப்ப வேண்டிய ஆள் நீங்கள், அதனால் உம்மாவும் நம்பிவிட்டார். அவர் ஏச ஏச நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தீர்கள். மூட்டை கட்டும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்வரை ஒரு மறுசொல் சொல்லவில்லை. ஏன் காக்கா?

அந்தக் கல்லைச் சோதித்தேன். சிலிக்கா கூடுதல், சுண்ணாம்பு குறைவு. அப்படியிருந்தால் சூளையில் பெலைட் என்ற கனிமம் அதிகமாக உருவாகும். இயந்திரத்துக்குள் சுழலும் இரும்புக் குண்டுகள் எவ்வளவு அடித்தாலும் அது இலகுவில் உடையாது. உங்களைப் பழிக்கு ஆளாக்கிய நாளில் அரைத்த கப்பல் கல்லின் மாதிரியும் ஆய்வுகூடப் போத்தலில் கிடந்தது. அதையும் சோதித்தேன். அதே குணம். சீமெந்து உறுதியாக வருமா என்று மட்டும் அன்று பார்த்திருக்கிறார்கள். அரைபடுமா என்று யாரும் பார்க்கவில்லை.

இரண்டையும் முகாமையாளரிடம் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, "ஆளில பிழையில்ல, கல்லிலதான்" என்றார். ரிஸ்வானை மாற்றவில்லை. பிறகு உங்கள் பெயரைச் சொல்லி, "அவருக்கும் இதேதானா?" என்று கேட்டார். "ஓம் சேர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது உம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ட புள்ள நித்திர கொள்ளல்லயா, மகள்?"

"இல்ல உம்மா. முழிச்சுத்தான் இருந்திருக்கார்."

உம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

இனி எந்தக் கப்பலின் கல்லும், அது எப்படி அரைபடும் என்று நான் சொல்லாமல் இயந்திரத்துக்குள் போகாது. யாரும் உங்களைப்போல வாய்மூடிப் பழி சுமக்க விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உம்மா ஒன்று சொல்லச் சொன்னார்: "நான் ஏசினத்த மனசில வெச்சுக்க வேணாமெண்டு அவன்ட்ட சொல்லு மகள்." சொல்லிவிட்டேன், காக்கா.

உங்கள் ஒரே தங்கச்சி